ஒரு ஜோடிக் கண்மலரும் இரண்டு அம்மன்களும்

கண்மலர் சாத்தும் வரை நாக்கில் உப்புப் படாது என்று வேண்டிக்கொண்டவள் என் மனைவி செல்லம்மா. உப்பை விட்டவன் நான். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் பத்தியம் இருக்கக் கூடாது, ஆகவே புருஷன் இருக்கலாம் என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அம்மன் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மூத்த பெண்ணுக்கு ஐந்து வயதில் அம்மை போட்டது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. துறையூரில் எத்தனை மாரியம்மன் உண்டோ அத்தனை பேருக்கும் நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். செல்லம்மா மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அவள் பிறந்து வளர்ந்தது இலங்கையில். ஊவா மாகாணத்தில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். எட்டு வருஷத்துக்கு முன், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தாய் தகப்பனோடு கப்பலேறி வந்து எனக்கு வாழ்க்கைப்பட்டவள். ‘எங்க தோட்டத்து அம்மா, பிள்ளை கண்ணைத் தொறந்தா உனக்கு வெள்ளியில கண்ணு செஞ்சு வைக்கிறேன்’ என்று அவள் வேண்டிய மூன்றாம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து, முதலில் கேட்டது முறுக்கு. குழந்தையின் காலில் கிடந்த கொலுசையே உருக்கி ஒரு ஜோடிக் கண்மலர் செய்தோம்.

கூடவே ஒரு சிவப்புப் பாவாடை. நான் தையல்காரன். அளவில்லாமல் எதையும் வெட்ட மாட்டேன். அம்மன் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். சிறு பெண்ணாக இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் அந்த அம்மனைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்தவள் அவள். யோசிக்காமல் முழங்கையைத் தரையில் ஊன்றி, விரல்களை நிமிர்த்திக் காட்டினாள். நூலைப் பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது அவள் சொன்னது ஒன்றுதான். “கண்ணை வச்சிட்டு, அவ காலடியில இருக்கிற குங்குமத்தை எடுத்துட்டு வாங்க. நீங்க வந்து சொல்ற சேதியை நம்ப மாட்டேன். குங்குமத்தைத்தான் நம்புவேன்.”

கப்பலையும் சுங்கத்தையும் பற்றி எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். பதுளைக்குப் போகும் ரயிலிலிருந்து சொல்கிறேன். உப்பை விட்டது வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று; அது நான்காம் நாள்.

அந்த ரயிலில் விற்காத பொருள் கிடையாது. எல்லாவற்றிலும் உப்பு. இறால் ஒட்டிய வடை ஒரு கூடையில், அவித்த கடலை இன்னொரு கூடையில், உப்பும் மிளகாயும் தடவிய அன்னாசித் துண்டு மூன்றாவது கூடையில். எதிரே இருந்த குடும்பம் புளிச்சோற்றைப் பிரித்து என் மடியிலேயே ஒரு வாழையிலைத் துண்டை விரித்துவிட்டது. விரதம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நல்ல மனிதர்கள். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை. ஆனால் என் எதிரில்தான் சாப்பிட்டார்கள்.

எங்கள் ஊரில் பச்சைமலையைக் காட்டி மலை என்று பெருமையடித்துக்கொள்வோம். இந்த ரயிலில் ஒரு பகல் உட்கார்ந்து வந்தபிறகு இனி வாயைத் திறக்க மாட்டேன். ஜன்னலுக்கு ஒரு பக்கம் கையால் தொடுகிற தூரத்தில் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பள்ளமும் பள்ளத்தில் மேகமும்தான். மேகத்துக்குள்ளிருந்து ஒரு நாய் குரைப்பது கேட்கிறது. தெமோதரை என்ற இடத்தில் ரயில் ஸ்டேஷனில் நின்று கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, சற்றுமுன் நின்ற அதே ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் நுழைந்து போகிறது. கர்ப்பக்கிரகத்தைப் பிரதட்சிணம் வருகிற மாதிரி. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதிர்க் குடும்பத்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பதுளையில் என்னை எதிர்கொண்டவர் காசிம் நானா. துணிக்கடைக்காரர்; முஸ்லிம் பெரியவர்களை அங்கே நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். செல்லம்மாவின் அண்ணன் மருதமுத்து மச்சான் அவரிடம்தான் தீபாவளிக்குத் துணி எடுப்பாராம். தேயிலைக் கொழுந்து பொங்கி நிற்கிற நேரம், தோட்டத்தில் லீவு தர மாட்டார்கள், நானா கடையில் இரவு தங்கிக் காலையில் பஸ் ஏறுங்கள் என்று மச்சான் எழுதியிருந்தார்.

நானாவுக்கு நான் தையல்காரன் என்று தெரிந்ததும் மரியாதை கூடிவிட்டது. பாவாடையைக் காட்டச் சொல்லி, மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைவேலை நன்றாயிருக்கிறது என்றார். பிறகு, “இதென்ன, இவ்வளவு சின்னமா? சின்னப் புள்ளைக்கா?” என்று கேட்டார். அம்மனுக்கு என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அடுத்தவர் சாமி விஷயத்தில் அளவு பேசக் கூடாது என்று நினைத்திருப்பார். பேசியிருக்கலாம்.

சாப்பாடு வந்தது. விரதத்தைச் சொன்னேன். ஆட்டுக்கறியை உள்ளே அனுப்பிவிட்டு, “உப்புத் திங்காதா? அதுக்கு ஒரு சாமான் ஈக்கி, இரிங்க” என்று போய், மொனராகலைப் பக்கமிருந்து வந்த எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றையும் கித்துள் பாணி என்கிற மரப்பாகுப் போத்தலையும் கொண்டுவந்து வைத்தார். கத்தியால் வெட்டுகிற தயிர். அதன்மேல் கருப்பாக வழிகிற பாணி. உப்பை மறந்து சொர்க்கத்தில் இருந்தேன். சட்டி காலியானதும் பூமிக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் கதிர்காம தேவாலயத்துக்குப் போய் முருகனைக் கும்பிட்டேன். வரிசையில் என் முன்னும் பின்னும் சிங்களச் சனங்கள், பழத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு என்னுடையது. முருகனுக்கு இரண்டும் தெரியும் என்பதால் வரிசை தடையில்லாமல் நகர்ந்தது.

பஸ்ஸில்தான் சோதனை. உட்கார இடம் கிடைத்தது. கிடைத்தவுடன், நின்றிருந்த ஒரு சிங்கள அம்மா தன் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டார். அந்த ஊர் வழக்கம் அது. உட்கார்ந்தவன் நிற்கிறவரின் சாமானைச் சுமக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். பொட்டலத்தில் கருவாடு. ஐந்து நாள் உப்பைத் தொடாதவன் மடியில், ஒரு முழு மணி நேரம், கருவாடு. மோந்து பார்த்தால் விரதம் முறியுமா என்று யோசித்தேன். முறியும் என்றே தோன்றியது. ஆனால் மூச்சு விடாமலும் இருக்க முடியாது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்தார்: “இந்த அண்ணனுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது, ஜன்னல் பக்கம் விடுங்கள் என்கிறார்.”

ஏற்றத்தில் பஸ் நின்றது. ஆண்கள் எல்லோரும் இறங்கினோம். கண்டக்டர் என் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துப் பின் சக்கரத்தைக் காட்டினார். பஸ் பின்னுக்கு வழுக்கினால் சக்கரத்தின் அடியில் அதைப் போட வேண்டும். நான்கு கொண்டை ஊசி வளைவு, ஒரு கையில் கட்டை, தோளில் கருவாடு, இடுப்பில் அம்மன் கண். இப்படித்தான் நான் என் மாமியார் ஊருக்குள் நுழைந்தேன்.

நடுப்பகல். தோட்டத்தில் ஒரு ஆள் இல்லை. நீளமான கட்டடங்கள், வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள். லயம் என்பது இதுதான் போலும். கதவு எல்லாம் பூட்டிக் கிடந்தது. கோழிகள் மட்டும் நடமாடின. சனங்கள் முழுக்க மலையில். எங்கே நின்று பார்த்தாலும் தேயிலை, படி படியாக, வகிடு எடுத்து வாரிய மாதிரி. வெகு தூரத்தில் புள்ளி புள்ளியாகப் பெண்கள். மச்சான் வீடு எதுவென்று கேட்கக்கூட நாதியில்லை. அப்போது மணிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கோபுரம் வைத்த மாரியம்மன் கோயில்.

இனி நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். தோட்டத்தின் பேர் சரி. மாரியம்மன் சரி. உள்ளே உச்சிக்காலப் பூசை நடக்கிறது. கண்மலர் சாத்திவிட்டால் உப்பு. வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

பூசை செய்துகொண்டிருந்த மாணிக்கப் பண்டாரம் இளைத்த மனிதர், எந்நேரமும் சளி. இந்தியாவிலிருந்து கண்மலர் வந்திருக்கிறது என்றதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சளியாலும் இருக்கலாம். மஞ்சளில் முக்கிக் கற்பூரம் காட்டி அம்மன் முகத்தில் பொருத்தினார். என் பிள்ளை கண் திறந்து என்னைப் பார்த்தது போல இருந்தது. விழுந்து கும்பிட்டேன்.

பாவாடையை எடுத்துக் கட்டினோம். மரத்தில் செதுக்கிய அம்மன், என் நெஞ்சு உயரம். பாவாடை அவள் முழங்காலோடு நின்றது.

இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறவன் நான். அந்த இடத்தில் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு வருஷத்தில் அம்மன் வளர்ந்திருப்பாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பண்டாரமும், பரவாயில்லைங்க, சின்ன அம்மன் யாருக்காவது ஆகும் என்று மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டுத் தன் மதியச் சாப்பாட்டைப் பிரித்தார். ரொட்டியும் சம்பலும். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் கல் உப்பும் வைத்து இடித்த சிவந்த சம்பல். எனக்கு ஒன்று நீட்டினார். அப்புறம் இன்னொன்று. நான் நிமிர்ந்தபோது இலையில் ஒன்றும் இல்லை. பண்டாரம் என்னை மிகுந்த பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மச்சானும் அவர் மனைவி பவளமும் மலையிலிருந்து இறங்கினார்கள். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. தங்கச்சி இன்னமும் காலையில் சாயத்தண்ணி இல்லாமல் எழுந்திரிக்க மாட்டாளா என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்தார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. லயத்துக் காம்பரா என்கிற ஒற்றை அறைக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில், அந்தச் சின்னத் திண்ணையில், பாய் விரித்தார்கள். பவளம் அதே சாயத்தண்ணி, பாலில்லாத பிளேன் டீ, கொண்டுவந்து என் உள்ளங்கையில் ஒரு துண்டுச் சக்கரையும் வைத்தாள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

“வந்த கடன் முடிஞ்சது மச்சான், மத்தியானமே கண்ணை வச்சாச்சு” என்றேன்.

மச்சான் கோப்பையைக் கீழே வைத்தார். “எங்க வச்சீங்க?”

கோபுரத்தைக் காட்டினேன்.

பவளம்தான் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “அண்ணே, இது கீழ்க்கணக்கு அம்மன். எங்க செல்லம்மா மதினி கும்பிட்டது மேக்கணக்கு அம்மன். அந்தா, மேகத்துக்குள்ள” என்று மலையைக் காட்டினாள்.

தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் இங்கே ஒரு கணக்கு என்கிறார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் தனி லயம், காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடத் தனிப் பெரட்டுக் களம், தனி மாரியம்மன். மச்சானும் செல்லம்மாவும் பவளமும் பிறந்தது மேல்கணக்கில். இந்தியாவுக்குப் போனவர்களால் கீழே காம்பராக்கள் காலியானபோது மச்சான் குடும்பத்தோடு இறங்கி வந்துவிட்டார். இதையெல்லாம் கடிதத்தில் எழுத அவருக்குத் தோன்றவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று இரவுச் சோற்றை உப்பில்லாமல் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ரயிலை நான் பிடித்தாக வேண்டும். இந்த நாட்டில் தங்க எனக்கு அனுமதி அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் தப்பு முழங்கியது. பெரட்டுக்கு அழைப்பு. எல்லோரும் மலைக்குப் போனபிறகு நான் மட்டும் மேல்கணக்குக்கு ஏறினேன். இரண்டு மைல்தான் என்றார்கள். மைல் படுத்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. குறுக்குப் பாதை தேயிலைக்கு நடுவே போகிறது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்களுக்குள் என் சேதி எனக்கு முன்னால் ஏறிவிட்டிருந்தது. பவளம் வேலை செய்கிற மலை அது.

“யாரு போறது?”

“கண்ணை மாத்திக் குடுத்த அண்ணே.”

“பாத்துப் போங்கண்ணே. மேல போயி வேற வீட்டுல பொண்ணு கேட்டுறப் போறீங்க.”

கை நிற்கவே இல்லை அவர்களுக்கு. பேச்சு ஒரு பக்கம், கொழுந்து ஒரு பக்கம். என்னைப் பார்க்காமலேயே என்னைக் கேலி செய்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மேலே போனதும் மேகம் விலகியது. எதிரே நமுனுகுல மலை, தோளில் வெயிலோடு. மானாப் புல் சரிவு முழுக்கக் காற்றில் படுத்து எழுந்தது. இந்தக் குளிரில் வேம்பு சரியாக வருவதில்லையாம். திருவிழாவுக்கு வேப்பிலை மொனராகலையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். வேப்பமரமே இல்லாத ஊரில் மாரியம்மன் குடியிருக்கிறாள், இவர்களை விட்டுப் போக மனமில்லாமல்.

மேல்கணக்குக் கோயில் ஒரு தகரக் கூரைதான். பலாப் பலகையில் கனமான கதவு. திறந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கிறீச்சிட்டது. உள்ளே அம்மன், ஒரு கருங்கல். முகம்கூடச் செதுக்கவில்லை; மஞ்சளைத் தடவித்தான் முகம் எழுதியிருந்தார்கள். நூலைப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சு அம்மன் உச்சியில் அப்படியே நின்றது. ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. செல்லம்மாவின் கை எட்டு வருஷத்துக்கு அப்புறமும் மறக்கவில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் பெரியசாமித் தலைவர். பவளத்தின் தகப்பன். வயதாகி வேலையை விட்டுவிட்டுக் காய்கறி போடுகிறார். முழுக்கதையும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கணக்கிலும் திருவிழா; அதற்கென்று பாவாடையை வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணைப் பற்றி ஒரே வார்த்தை: “எங்கம்மாவுக்கு வந்தது. வாங்கிட்டு வாங்க மாப்ள.”

வேறு கண் செய்து தரலாமே என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை. பிள்ளையின் இரண்டு கொலுசும் அதில்தானே போயிருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு பழைய சண்டை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் திருவிழா அன்று கீழ்க்கணக்கு அம்மன் ஊர்வலமாக மேலே வருவாள். மேல்கணக்கில்தான் முதலில் காடு வெட்டினார்கள். ஆகவே இவள் அக்கா, அவள் தங்கை. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு திருவிழாவில் பெருமழை. ஊர்வலம் நேரம் கழித்து வந்து சேர்ந்தபோது கோயில் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றார்கள். அம்மனைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவரவர் திருவிழா அவரவருக்கு.

“சாரல் அடிச்சு வெளக்கு அணையுதுன்னு சாத்தினேன்” என்றார் தலைவர். “என் வீடு பத்தடி. தட்டியிருந்தா தொறந்திருப்பேன்.”

இறங்கி வந்து இதை மச்சானிடம் சொன்னேன். அன்றைக்கு அம்மனைத் தூக்கிய தோள்களில் அவருடையதும் ஒன்று. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் முகம் மாறியது. “அம்மன் வந்து கதவைத் தட்டுவாளா மாப்ள?” என்று கேட்டார். நல்ல கேள்வி. மாமனாரும் மருமகனும் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதைப் பவளம் பிறகு அடுப்படியில் வைத்துச் சொன்னாள், எனக்கென்று உப்பில்லாத சட்டியைத் தனியாகக் கிண்டிக்கொண்டே.

சனிக்கிழமை காலையில் பெரட்டுக் களத்துக்கு நானும் போனேன். பனியில் இருநூறு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். பேர் கூப்பிட்டு முடிந்ததும் மச்சான் கணக்கப்பிள்ளையிடம் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கினார். எனக்கு மேடைப்பேச்சு பழக்கமில்லை. நான் படித்தது ஆறாவது வரை. பசியில் அவசரப்பட்டுவிட்டேன், கண்ணை ஏமாந்து கொடுத்துவிட்டேன், எடுத்துத் தந்தால் மேலே சேர்த்துவிட்டுப் போவேன், என் வீட்டுக்காரி குங்குமத்துக்குக் காத்திருக்கிறாள் என்று சொல்லி முடித்தேன்.

முதலில் பண்டாரம்தான் வாயைத் திறந்தார். ரொட்டியின் ஞாபகமும் அவர் குரலில் இருந்தது. “சாமிக்கு வச்ச கண்ணைப் புடுங்கச் சொல்றீங்களா? என் கை வராதுங்க. அம்மாவை எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க. கண்ணு அவ மொகத்துலதான் இருக்கும்.”

எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று ஒருவர் கேட்டார். மழையில் நிறுத்திய வாசலுக்கா என்றார் இன்னொருவர். முணுமுணுப்பு எழுந்தது. கணக்கப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார்.

பெண்கள் பக்கமிருந்து பவளம் முன்னால் வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை.

“கதவைச் சாத்தினது எங்கப்பன். அதுக்காக ஏழு வருசமா நான் பொறந்த வீட்டுத் திருவிழாவுக்குப் போகல. போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல. இங்க எல்லார் மொகத்தையும் பாத்துப் போகல. எனக்குத்தான் குடுத்து வைக்கல. அம்மனாவது அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரட்டும்.”

சொல்லிவிட்டு மலையைப் பார்த்து நடந்துவிட்டாள். மற்றப் பெண்களும் பின்னால் போனார்கள். ஆண்கள் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் மண்ணைப் பார்த்தார். பிறகு, தோள் கொடுக்கிறேன் என்றார்.

நான் மறுபடி இரண்டு மைல் ஏறிப் போய்த் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். “வர்றவங்க வரட்டும். நான் என்ன ரோட்டையா வெட்டி வச்சிருக்கேன்” என்றார். இதை அழைப்பாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று இறங்குகிற வழி முழுக்க யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மொனராகலை பஸ்ஸில் வேப்பிலைக் கட்டு வந்து இறங்கியபோது கூட்டம் அதை ஒரு விருந்தாளியை அழைப்பது போல அழைத்துப் போனது. மலையிலிருந்து குழாயாக விழுகிற பீலித் தண்ணீரில் குளித்து, மஞ்சள் கட்டி, உச்சிப் பூசை முடிந்ததும் அம்மன் புறப்பட்டாள். அம்மனைச் சுமக்கிற தண்டயத்தின் முன் முனையில் மச்சான். அவருக்குப் பின்னால் நான். தையல் மிஷினை மிதிக்கிற காலுக்கு மலை ஏறத் தெரியாது என்பதை முதல் வளைவிலேயே தெரிந்துகொண்டேன். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பின்னாலிருந்தவர், துறையூரில் அம்மனை மாட்டு வண்டியில் வைப்பீர்களா என்று விசாரித்தார்.

லயத்துக்கு லயம் நின்றோம். எல்லா வாசலிலும் மஞ்சள் தண்ணீர், எல்லா வாசலிலும் மாவிளக்கு. அதனால் நேரம் போய்விட்டது. பாதி மலையில் வானம் இருண்டது. அடுத்த வளைவில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் இப்படி ஒரு மழைக்கு மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்போம். இங்கே அவளே நனைந்துகொண்டு போகிறாள். தப்பின் தோல் நனைந்து தொங்கிவிட்டது. அடித்தால் ஈரத்துணியைத் துவைக்கிற சத்தம். நெருப்புக் காட்டி முறுக்கேற்ற வழியில்லை. தப்பு நின்றது. கால்கள் சேற்றில் பதிகிற சத்தம் மட்டும்.

எல்லோர் மனதிலும் ஒன்றுதான் ஓடியிருக்கும். அதே மழை. அதே தாமதம். விடிந்தால் பெரட்டு. சத்தமில்லாமல் வருகிறோம், மேலே இருப்பவர்களுக்கு வருவது தெரியாது. சாரல் கோயில் பக்கம்தான் அடிக்கிறது. கதவு சாத்தியிருந்தால் இந்த முறை யார் தட்டுவது? மச்சானின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். தாயே, நான் தட்டுகிறேன், நான் வெளியூர்க்காரன், எனக்கு மானம் போனால் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசி ஏற்றம் ஏறி வாசலுக்கு வந்தோம்.

தட்டுவதற்கு அங்கே கதவே இல்லை.

கீலோடு கழற்றியிருந்தார்கள். கோயிலுக்கு எதிரில் நாலு கல்லின் மேல் அந்தப் பலாப் பலகைக் கதவைக் கிடத்தி, மஞ்சள் தெளித்து, கோலம் போட்டு, மேலே தகரத்தால் பந்தலும் கட்டியிருந்தார்கள். தங்கை வந்தால் உட்கார ஆசனம். உள்ளே விளக்குகள் அணையாமலிருக்க மேல்கணக்கு ஆண்கள் ஏழெட்டுப் பேர் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ, முழுக்க நனைந்திருந்தார்கள்.

பெரியசாமித் தலைவர் வந்து தண்டயத்தின் முன் முனையைப் பிடித்தார். “தோள் வலிக்குதா மாப்ள?” என்றார். என்னையல்ல. மச்சான் பாரத்தை அவர் தோளுக்கு மாற்றிக் கொடுத்தார். பவளம் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மழையில் அது எதற்கென்று தெரியவில்லை.

அம்மனைக் கதவின்மேல் இறக்கினோம். உள்ளே கருங்கல் அம்மன் நான் தைத்த சிவப்புப் பாவாடையில் இருந்தாள். தரை தொட்டும் தொடாமலும் நின்றது மடிப்பு. இருபது வருஷத் தொழிலில் அப்படி ஒரு அளவு எனக்கு அமைந்ததில்லை. கற்பூரம் ஏற்றியதும் தங்கையின் வெள்ளிக் கண்ணில் பட்ட வெளிச்சம் அக்காள் முகத்தில் போய் ஆடியது.

மாணிக்கப் பண்டாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மன் முகத்துக்குக் கையைக் கொண்டுபோனார். கை வராது என்று சொன்னவர். தலைவர் தடுத்துவிட்டார்.

“எடுக்காதீங்க பண்டாரம். கண்ணு அங்கேயே இருக்கட்டும். வருசா வருசம் கொண்டாந்து எங்கம்மாவுக்குக் காட்டிட்டுப் போங்க.”

பிறகு உள்ளே போய்க் கருங்கல்லின் காலடியிலிருந்து குங்குமம் எடுத்து ஒரு தாளில் மடித்துத் தந்தார். என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ஒரு கல் உப்பை வைத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். மழைத்தண்ணீரும் சேர்ந்து இறங்கியது.

திங்கட்கிழமை ரயிலில் ஏறியபோது என் பையில் பவளம் கொடுத்த தேயிலைத் தூள், நானா கொடுத்த கித்துள் பாணி, மடித்த தாளில் குங்குமம். நெஞ்சில் மட்டும் ஒரு பயம். கண் கீழே, பாவாடை மேலே. வேண்டுதல் பாதிதான் முடிந்திருக்கிறதோ? கப்பலில் வரும்போது, அவளிடம் எல்லாம் நல்லபடி நடந்தது என்று மட்டும் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் அந்தத் தீர்மானம் போய்விட்டது. சம்பல் வரைக்கும் ஒளிக்காமல் சொன்னேன். செல்லம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். நான் முடித்தபிறகு தாளைப் பிரித்துக் குங்குமத்தை மோந்து பார்த்தாள். மூத்தவளைக் கூப்பிட்டு நெற்றியில் வைத்தாள். தனக்கும் வைத்துக்கொண்டாள்.

“அந்தக் கதவு இன்னமும் கிறீச்சுன்னு கத்துதா?” என்று கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை கத்துச்சு. ஞாயித்துக்கிழமை அதுல சாமி உக்காந்திருந்துச்சு” என்றேன்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சோறு போட்டுக் கூப்பிட்டாள்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு மடங்காக விழுந்திருந்தது. நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.